பெரியத்தை சொன்னது தீமையா? நன்மை தீமைக்குப் பொதுவான அளவுகோல் உண்டா?

கரிசல் (இழையைத் தொடங்கியவர்)

இந்தக் கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்கள்தான் வரும். அதனால் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். விருதுநகர், மதுரை, தேனிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தலைக்கூத்தல் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படுத்த படுக்கையாகி, இனி எழமாட்டார் என்று வீட்டார் முடிவு செய்துவிட்ட முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுப்பார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு உயிர் அடங்கிவிடும். ஊருக்கு அது தெரியும், உறவினர்கள் முன்கூட்டியே வந்து முகம் பார்த்துவிட்டுப் போவதும் உண்டு, ஆனால் அதைக் கொலை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

என் அப்பத்தா பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் கட்டிலில் கிடந்தார். பேச்சு அறவே போய்விட்டது. ஆள் அடையாளம் தெரிகிறது என்று சில நாள் நம்பினோம், சில நாள் நம்பவில்லை. மூன்றாம் ஆண்டுக் கோடையில் அவருடைய மூத்த மகளான என் பெரியத்தை வந்து இரண்டு நாள் தங்கினார். புறப்படுகிற அன்று காலையில், திண்ணையில் அமர்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இந்தச் சீவனை இன்னும் எத்தனை நாளைக்கு வதைக்கப் போகிறாய்? நல்ல நாளாகப் பார்த்து எண்ணெய் வைத்துவிடுவோம்" என்று அப்பாவிடம் சொன்னார். குரலில் கடுமை துளியும் இல்லை, கண் கலங்கியிருந்தது. அப்பா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். அதன்பின் அப்பத்தா ஏழு மாதம் உயிரோடு இருந்தார். அந்த ஏழு மாதத்தின் பெரும்பாலான இரவுகளில் அவருடைய அலறல் தெருமுனை வரை கேட்டது.

கருமாதி முடிந்த மாலையில் பெரியத்தை என்னை அருகில் அழைத்து, "உன் அப்பன் செய்தது புண்ணியம், நான் சொன்னது பாவம், அப்படித்தானே? நீ படித்தவன், சொல்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கெட்டவர் அல்லர். எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் நோய் என்றாலும் முதலில் பை தூக்கிக்கொண்டு வருபவர் அவர்தான்.

அவர் சொன்னதைத் தீமை என்றும் அப்பா செய்ததை நன்மை என்றும் தீர்ப்பளிக்க, எங்கள் இருவருடைய மனத்துக்கும் வெளியே நிற்கும் அளவுகோல் ஏதேனும் உண்டா என்பதுதான் என் கேள்வி. "சட்டப்படி அது கொலை" என்ற பதிலையும், "எல்லாம் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும்" என்ற பதிலையும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டும் பெரியத்தையின் முன் நிற்கவில்லை.

கடைசி பெஞ்சு

நீங்கள் வேண்டாம் என்ற இரண்டாவது பதிலைத்தான் நான் சொல்லப்போகிறேன், ஆனால் ஒற்றை வரியில் அல்ல.

உங்கள் வீட்டில் நடந்தவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். பக்கவாதம், மூன்று ஆண்டுப் படுக்கை, பெரியத்தையின் யோசனை, அப்பாவின் மறுப்பு, ஏழு மாத அலறல். இவற்றில் எதைப் பற்றியும் உங்கள் அப்பாவுக்கும் பெரியத்தைக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சலா இல்லையா என்று இருவர் சண்டையிட்டால் வெப்பமானியை வைத்துப் பார்க்கலாம். இங்கே எதை வைப்பீர்கள்? எல்லாத் தகவல்களையும் இருவரும் ஒப்புக்கொண்ட பிறகும் வேறுபாடு மிஞ்சுகிறது என்றால், மிஞ்சுவது தகவல் அன்று, மனப்பாங்கு. "இருக்கிறது" என்னும் வாக்கியங்களை எத்தனை அடுக்கினாலும் "செய்ய வேண்டும்" என்னும் வாக்கியம் அவற்றிலிருந்து தானாகப் பிறக்காது என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 1740-இலேயே எழுதிவிட்டார். அந்த இடைவெளியை அடைத்துவிட்டதாகச் சொன்னவர்கள் பலர். அடைத்துக் காட்டியவர் ஒருவரும் இல்லை என்பது என் முடிவு.

வரலாறும் இதையே காட்டுகிறது. வங்க மாகாணத்தில் உடன்கட்டை ஏறுவதை ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் பெண்டிங்க் 1829 டிசம்பரில் தடை செய்தபோது, கொல்கத்தாவின் படித்த பெரிய மனிதர்கள் பலர் அந்தத் தடையைத்தான் தீமை என்று கருதினார்கள். இலண்டனில் அன்றைய இறுதி முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு கொண்டுசென்றார்கள், அது 1832-இல் தள்ளுபடியானது. அவர்கள் அரக்கர்கள் அல்லர். நம்மைப் போலவே பிள்ளைகளைக் கொஞ்சியவர்கள், ஏழைகளுக்கு அன்னமிட்டவர்கள். அவர்கள் பக்கம் தோற்றது, நம் பாடநூல் வென்றவர்களின் சொல்லில் எழுதப்பட்டது. உங்கள் பெரியத்தையின் பக்கமும் இப்போது தோற்றுக்கொண்டிருக்கிறது. நடப்பது அவ்வளவுதான்.

வாய்தா

நான் வழக்குரைஞன். ஆனாலும் "சட்டப்படி கொலை" என்று சொல்லிவிட்டுப் போகமாட்டேன் என்று கரிசல் அவர்களுக்கு உறுதியளிக்கிறேன்.

நண்பர் கடைசி பெஞ்சு வரையறை, தீர்ப்பு என்ற இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார். ஒன்றைத் தீமை என்று வரையறுப்பது வேறு, இன்னார் இன்ன நாளில் செய்தது அந்த வரையறைக்குள் வருமா என்று தீர்மானிப்பது வேறு. இரண்டாவதில் நாங்கள் எப்படித் தடுமாறுகிறோம் என்பதற்கு, என் தொழிலில் அனைவரும் தலைகுனியும் வழக்கு ஒன்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தில் நால்வரைக் கொன்றதாக ஒரே வழக்கில் மூவருக்குத் தூக்கு உறுதியானது. மூவரும் உச்ச நீதிமன்றத்துக்கு வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு மனுக்களோடு, வெவ்வேறு அமர்வுகளின் முன் வந்தார்கள். ஒருவருடைய மனு தள்ளுபடியாகி 1981 அக்டோபர் 6 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். இன்னொருவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மூன்றாமவர் கயிற்றின் நிழலில் நிற்கும்போதுதான் இந்த வேறுபாடு நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. அவருடைய தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்கு 1982-இல் பரிந்துரைத்தார்கள். குற்றத்தில் மூவரின் பங்கும் ஒன்றே. முடிவுகளோ ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

இதைக் கேட்டதும் கடைசி பெஞ்சு, "பார்த்தீர்களா, தீர்ப்பு என்பதே நீதிபதியின் மனப்பாங்குதான்" என்பார். நான் அதற்கு நேர் எதிரானதைத்தான் இதில் காண்கிறேன். அந்தச் செய்தியைப் படித்ததும் உங்கள் வயிற்றில் ஏதோ புரண்டதல்லவா? அளவுகோலே கிடையாது என்றால் முதலாமவருக்கு ஒரு பிழையும் நேரவில்லை. ஒருவருக்கு அப்படி, இன்னொருவருக்கு இப்படி என்று போய்விடலாம். தவறு நடந்துவிட்டது என்று நீதிமன்றமே வருந்தியதென்றால், எட்டத் தவறிய ஒன்று அங்கே இருந்தது என்றுதான் பொருள். தராசு சரியில்லை என்று ஒருவர் சொல்கிறார் என்றால், எடை என்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் சொல்கிறார்.

உடன்கட்டை விவகாரமும் அப்படித்தான். அதை ஒழிக்கப் போராடிய இராம்மோகன் ராயும் அவரை எதிர்த்தவர்களும் ஆள்பலம் எண்ணிப் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கம் பக்கமாக நூற்சான்று காட்டி வாதிட்டார்கள். வெறும் மனப்பாங்குக்கு எவராவது சான்று காட்டுவாரா? எனக்குப் பாகற்காய் பிடிக்கும் என்பதற்கு நான் இதுவரை மேற்கோள் தேடியதில்லை.

கல்லெழுத்து

கரிசல் அவர்களுக்கு வணக்கம். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குச் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்று நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு பெரும்பாறையில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதே குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நினைவிடம், என்று சொல்லும் ஒரு சிறு வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. 'ஐ' என்னும் எழுத்தின் பழைய வடிவத்துக்காகப் பலரும் அதைப் பார்க்கப் போவார்கள். நானும் எழுத்துக்காகத்தான் போனேன். வெயில் ஏறிய பாறையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படித்தபோது எழுத்து மறந்துபோய்விட்டது. ஐம்பத்தேழு நாளும் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து எண்ணியிருக்கிறார்.

அந்த நோன்பை இன்றும் சமணர் மேற்கொள்கிறார்கள். இராசத்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டு 10 அன்று அதைத் தற்கொலைக்கு இணையான குற்றம் என்றது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. நம் சங்க இலக்கியத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டதையும், யாரும் இழிவாகப் படிப்பதில்லை. ஆக, உயிர் தானாகப் பிரியும் முன்னரே அதை முடித்துக்கொள்வது என்னும் செயல் எல்லா இடத்திலும் தீமை என்று கருதப்படவில்லை. சந்திரநந்தி ஆசிரியருக்கும் எண்ணெய் வைக்கப்படும் பாட்டிக்கும் இடையே ஒரே ஒரு வேறுபாடுதான் இருக்கிறது. அங்கே இறப்பவரும் முடிவெடுப்பவரும் ஒருவர், இங்கே இருவர். நான் தேடும் அளவுகோல் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்மை தீமை பற்றிப் பேசும் தமிழ்க் கூட்டம் எதுவானாலும் "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்ற அடியை யாராவது எடுத்துப் போடுவார். அது நன்மை தீமை எங்கிருந்து வருகின்றன என்று சொல்கிறது, எவை என்று சொல்லவில்லை. குறளும் அப்படியே. வாய்மை என்றால் என்ன என்று கேட்டு, "யாதொன்றும் தீமை இலாத சொலல்" என்று 291-ஆம் குறள் வரையறுக்கிறது. அடுத்த குறளோ, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறது. வாய்மையைத் தீமையைக் கொண்டும் பொய்யை நன்மையைக் கொண்டும் அளக்கிறார். அளக்கும் கோலை மட்டும் அந்த இடத்தில் வரையறுக்கவில்லை. கேட்பவருக்கு அது தெரியும் என்று விட்டுவிட்டார் என்றே படிக்கிறேன். வலியைத் தெரிந்துகொள்ள எவருக்கும் வரையறை தேவைப்படுவதில்லை அல்லவா?

கடைசி பெஞ்சு

கல்லெழுத்து ஐயா அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் அளவுகோலைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் நினைப்பது, இன்னொரு மனப்பாங்கைக் கதவுக்குப் பின்னாலிருந்து உள்ளே அழைத்து வந்ததுதான். இறப்பவரே முடிவெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? தனிமனிதரின் இசைவே இறுதிச் சொல் என்பது நகரத்தில் சம்பளம் வாங்கித் தனி வீட்டில் வாழ்கிறவர்களின் விழுமியம். பெரியத்தையின் உலகில் முடிவெடுக்கும் அலகு குடும்பம். அந்த உலகில் அவருடைய திருமணம், கல்வி, நிலம் ஆகியவற்றில் எதற்கும் அவரிடம் இசைவு கேட்டிருக்கமாட்டார்கள். வாழ்க்கை முழுவதும் கேட்காத இசைவைச் சாவுக்கு மட்டும் கேட்க வேண்டும் என்றால், அவருடைய உலகை நம் உலகின் கோலால் அளக்கிறோம் என்றுதான் பொருள்.

வாய்தா அவர்களின் பாகற்காய் நன்றாக இருந்தது. ஆனால் மனிதர்கள் சோதிடத்துக்கும் பக்கம் பக்கமாகச் சான்று காட்டியிருக்கிறார்கள். வாதம் நடக்கிறது என்பது, வாதத்துக்குரிய பொருள் உண்மையில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

கரிசல்

கடைசி பெஞ்சு அவர்களின் கேள்வி என்னை இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டது. பெரியத்தையிடம் அவருடைய திருமணத்துக்கு யாரும் இசைவு கேட்கவில்லை என்பது உண்மைதான். அது எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. தலைக்கூத்தல் 2010-இன் தொடக்கத்தில் செய்தித்தாள்களில் பெரிதாக அடிபட்டது பலருக்கு நினைவிருக்கலாம். எண்பது வயது முதியவர் ஒருவர், தன்னை முடிக்க வீட்டார் ஏற்பாடு செய்வதையும் தன் நிலத்தை எப்படிப் பங்கிடுவது என்று பேசிக்கொள்வதையும் கேட்டுவிட்டு, வீட்டை விட்டு வெளியேறி உறவினர் ஒருவரிடம் தஞ்சம் புகுந்தார் என்று அப்போது எழுதினார்கள். அவர் நகரத்து விழுமியங்களைப் படித்தவர் அல்லர். அந்த மண்ணிலேயே எண்பது ஆண்டு வாழ்ந்தவர், அந்த வழக்கம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. வழக்கம் ஒருவருடைய உலகம் என்றால், அந்த உலகத்துக்காரரே ஏன் ஓடினார்? ஓடிய கால் எந்தத் தத்துவத்தையும் சார்ந்ததில்லை. அதை மனப்பாங்கு என்று எப்படித் தள்ளுவது?

இன்னொன்றையும் கவனித்தேன். நன்மை என்று நம்பிச் செய்கிற மற்ற எல்லாவற்றையும் நாம் உரியவரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுச் செய்கிறோம். கசப்பு மருந்தானாலும், காலை எடுக்க வேண்டும் என்றாலும் சொல்கிறோம். எண்ணெய் வைப்பதை மட்டும் திண்ணையில் பேசுகிறோமே தவிரக் கட்டிலுக்கு அருகில் போய்ப் பேசுவதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

இரவுப்பணி

மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் செவிலியாக முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்; தத்துவம் படித்தவள் அல்ல. தம்பி கரிசல் எழுதியதில் எல்லாரும் தாண்டிப்போன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். அலறல் தெருமுனை வரை கேட்டது என்று எழுதியிருந்தீர்கள். எதற்காக அலறினார் என்று எவராவது பார்த்தீர்களா?

உங்களைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஒரே பக்கமாகப் படுத்திருப்பவருக்கு முதலில் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது. அந்தக் கட்டத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போட்டால் பிழைத்துவிடலாம். விட்டுவிட்டால் தோல் கிழியும், பிறகு குழி விழும், கடைசியில் எலும்பு தெரியும். நான்கு நிலைகள் என்று புத்தகத்திலேயே இருக்கின்றன. யார் பார்த்தாலும் அதே நான்குதான். பேச முடியாதவர்களின் வலியையும் நாங்கள் கணக்கிடுகிறோம். மூச்சு எப்படிப் போகிறது, புருவம் நெரிகிறதா, கை இறுகுகிறதா, தடவிக் கொடுத்தால் அடங்குகிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. வெப்பமானி இல்லை என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். முழு வெப்பமானி இல்லாமல் இருக்கலாம், பாதி இருக்கிறது.

மும்பையில் அருணா ஷான்பாக் என்ற செவிலியை உங்களுக்கு நினைவிருக்கும். 1973 நவம்பரில் தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே தாக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். அவருக்காக வந்த கருணைக்கொலை மனுவை உச்ச நீதிமன்றம் 2011-இல் ஏற்கவில்லை. அத்தனை ஆண்டுகளில் அவர் உடம்பில் படுக்கைப் புண் வராமல் அந்த மருத்துவமனைச் செவிலியர் பார்த்துக்கொண்டார்கள் என்பதைத்தான் எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வேன். அவர் வாழ்ந்தது நன்மையா என்று எனக்குத் தெரியாது. அந்தப் புண் வராமல் பார்த்துக்கொண்டது நன்மை. இதில் எனக்கு ஐயமே இல்லை.

பெரியத்தை சொன்னதா, அப்பா செய்ததா என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிழையாகப் படுகிறது. காற்றுப் படுக்கை, வலிக்கு மார்ஃபின், வாரம் ஒருமுறை வந்து புண்ணைச் சுத்தம் செய்ய ஒருவர் என்ற மூன்றாவது வழியை உங்கள் வீட்டில் யாருமே பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைவிட, பார்க்கும்படி அது அங்கே இல்லை என்பதுதான் சரி. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் பல ஆண்டுகள் பெரிய ஊர்களிலேயே கிடைக்காமல் போனது. 2014-இல் தான் சட்டத்தைத் திருத்தினார்கள். நம் மாநிலத்தில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சிகிச்சை செய்வதும் அதில் ஒரு பகுதி. மருந்து இல்லாத ஊரில் கருணை இளநீர் வடிவத்தில் வருகிறது. அதை வைத்துக்கொண்டு உலகத்துக்கே பொதுவான அளவுகோல் உண்டா என்று கேட்டால், நான் முதலில் படுக்கையைத் திருப்பிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வாய்தா

இரவுப்பணி அம்மாவின் பதிவுக்குப் பிறகு சட்டம் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஒரு தகவலை மட்டும் வைத்துவிடுகிறேன். 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பின்படி, நினைவு தெளிவாக இருக்கும்போதே, மீள முடியாத நிலையில் எனக்கு உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் எழுதிவைக்கலாம். அதை நீதித்துறை நடுவரிடம் கொண்டுபோக வேண்டும் என்ற சிக்கலான நடைமுறையை 2023 சனவரியில் தளர்த்தி, நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும் என்றார்கள். சிகிச்சையை நிறுத்துவதற்குத்தான் இது. உயிரைப் போக்க எதையும் கொடுப்பதற்கு இன்றும் இடமில்லை. பெரியத்தை என்னிடம், "நிறுத்தினாலும் சாவு, கொடுத்தாலும் சாவு, இதில் என்ன பெரிய வேறுபாடு?" என்று கேட்டால் என்னிடம் முழுமையான பதில் கிடையாது. என் தொழிலிலும் அந்தக் கோடு நேராக இல்லை.

கடைசி பெஞ்சு

அம்மாவுக்குத் தலைவணங்குகிறேன். வலி ஓர் உண்மை, அதை அளக்கலாம் என்பதை ஏற்கிறேன். என் முதல் பதிவில் இருந்த வெப்பமானி உவமையை அந்த அளவுக்குத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வலியைக் குறைக்க வேண்டும் என்பது அளவையிலிருந்து வரவில்லை, அதை நாம்தான் கொண்டுவருகிறோம் என்ற நிலையிலேயே இன்னும் நிற்கிறேன். இதில் என்னை அசைக்க யாராலும் முடியாது என்பதைவிட, அசைந்தால் தேர்வில் என்ன எழுதுவது என்ற கவலைதான் எனக்கு அதிகம்.

வேறொன்று கேட்கத் தோன்றுகிறது. வலியைத்தான் கணக்கில் எடுக்கப்போகிறோம் என்றால் யாருடைய வலியை எடுக்கப்போகிறோம்? இந்த இழையில் அப்பத்தா இருக்கிறார், பெரியத்தை இருக்கிறார், அப்பா இருக்கிறார். மூன்று ஆண்டுகள் அந்தக் கட்டிலருகே படுத்தவர் யார்? பீத்துணி அலசியது யார்? கரிசல் எழுதிய மூன்று பதிவுகளிலும்... மன்னிக்கவும், இரண்டு பதிவுகளிலும் தேடிப்பார்த்தேன், அவருடைய அம்மா ஒரு சொல்லாகக்கூட வரவில்லை. அப்பா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லின் ஏழு மாதத்தைச் சுமந்தவர் அப்பாதானா? நன்மையை ஒருவர் செய்து அதன் விலையை இன்னொருவர் கொடுத்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நெறியாளர்

இழை கனமாகப் போகிறது. இதுவரை ஒருவரும் ஒருவரையும் தாக்கிப் பேசவில்லை என்பதற்கு நன்றி. தலைக்கூத்தலின் செய்முறை விவரங்களை விரித்து எழுதிய இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன்.

கரிசல்

கடைசி பெஞ்சு அவர்களின் கேள்வியைப் படித்துவிட்டு அன்று மாலையே ஊருக்குப் பேருந்து ஏறினேன். பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

அம்மா பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். பெரியத்தை சொன்னது சரி என்று உனக்கு எப்போதாவது தோன்றியதா என்றேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தனையோ இராத்திரி" என்றார். அப்பா மறுத்தபோது தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். இரவுப்பணி அம்மா கேட்ட புண்ணைப் பற்றியும் விசாரித்தேன். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்ததாம். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டுக் கட்டியிருக்கிறார். நான் விடுமுறைக்கு வந்த நாட்களில் சேலையால் மூடிவைத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். அப்பத்தாவுக்கு இளநீர் என்றால் உயிர். பக்கவாதம் வந்த பிறகும் நாள்தோறும் பாலாடையில் ஊற்றிக் கொடுப்பார் அம்மா. பெரியத்தை புறப்பட்டுப்போன அன்று மாலையும் வழக்கம்போல வெட்டிக் கொண்டுபோயிருக்கிறார். அப்பத்தா பல்லை இறுக்கிக்கொண்டார். கஞ்சி கொடுத்தால் வாங்கினார், தண்ணீர் கொடுத்தால் வாங்கினார்; இளநீர் பக்கத்தில் வந்தால் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் தலைக்கு எண்ணெய் தடவப் போனபோது, அசையும் அந்த ஒரு கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அப்பத்தாவின் கட்டில் திண்ணைச் சன்னலை ஒட்டித்தான் போடப்பட்டிருந்தது.

அதன்பின் அந்த ஏழு மாதமும் அம்மா அவருக்கு இளநீர் கொடுக்கவும் இல்லை, தலையில் எண்ணெய் வைக்கவும் இல்லை. முடி சடைசடையாகச் சிக்குப் பிடித்துப்போனது. பார்க்க வந்தவர்கள், மாமியார் தலையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட வைக்காத மருமகள் என்று தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். அப்பாவிடம்கூட அம்மா காரணத்தைச் சொல்லவில்லை.

அப்பத்தாவின் உடலை எடுப்பதற்கு முன் குளிப்பாட்டும்போது உறவுமுறைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்தார்கள். அம்மா மட்டும் கை நீட்டாமல் கதவோரம் நின்றார். அதைக் குறையாகச் சொல்லி அன்று சத்தம் போட்டவர் பெரியத்தைதான்.